பட்டியலில் வராத கடிதம்

இன்றும் காலை பத்து மணிக்கு உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றத் தொடங்கியதும் பின்பக்கத் துளைகளிலிருந்து பழுப்பாய்க் கொஞ்சம் தூசி வந்தது. மல்லி வாசனை. சாக்கோடு அடுக்கி வைத்த கொத்தமல்லி விதையின் வாசனை. அதன் பின்னாலேயே மிளகாய் வத்தல் நெடி. இது என் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊதியும் துடைத்தும் பார்த்துவிட்டேன், உன் கடை இன்னும் உள்ளே இருக்கிறது. நாலு தும்மல் போட்டேன். எண்ணிக்கொண்டுதான் போட்டேன். "சூப்ரண்டு தும்மலக்கூட ரிஜிஸ்டர்ல ஏத்துவான்" என்று கடையில் எடை போடுகிற முனியாண்டியிடம் சொல்லிச் சிரிப்பாயே.

எண்ணாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழக்கதோஷத்தில் தாளின் மேலே 'பொருள்:' என்று எழுதிவிட்டேன். அதற்கு நேரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காலியாகவே கிடக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நீ பந்தல்குடி ரோட்டில் உங்கள் அப்பாவின் கமிஷன் கடையில் உட்கார்ந்தாய். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளைகிற மல்லியும் வத்தலும் உன் கடைக்கு வந்து, மாதிரிப் பொட்டலமாகி, பிறகு மூட்டையாகி, வடக்கே போகும். அந்தக் கரிசலில் பிறந்த நான் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் தபால் பிரிவுக்குப் போனேன். வருகிற கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டு உரிய மேசைக்கு அனுப்புவது வேலை. முப்பத்துநான்கு வருடம் அதைத்தான் செய்தேன். நான் இளநிலை உதவியாளனாய் இருந்தபோதே நீ என்னைச் சூப்ரண்டு என்று கூப்பிட ஆரம்பித்தாய். நிஜமாகவே கண்காணிப்பாளர் ஆகி ஓய்வும் பெற்றேன். அந்தப் பதவி எனக்குப் பொருந்தியதாக ஒருநாளும் நினைத்ததில்லை. நீ கூப்பிட்டதால் வந்த பதவி அது.

ஓய்வு பெற்ற மறுவாரத்திலிருந்து உன் கடைக்கு வரத் தொடங்கினேன். ஒருநாள் நீ போனில் "அச்சா, அச்சா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். முகம் வேர்த்திருந்தது. வைத்ததும் என்னைப் பார்த்தாய்.

"ஏலே சூப்ரண்டு, மூணு மெயிலு போட்டேங்கிறான் அந்த வடக்கத்தியான். நான் ஒண்ணுகூடப் பாக்கல. இந்தியில வையிறான். என்ன வையிறான்னு தெரியாம நானும் அச்சாங்கிறேன்."

"வந்திருக்கும். நீ பாத்திருக்க மாட்ட."

"அந்தத் திரையப் பாத்தா எனக்குக் கண்ணுல தண்ணியா வருது. பேப்பர்ல குடு. பேப்பர்ல வந்தாத்தான் எனக்கு அது வந்தது."

அந்த வாக்கியத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அலுவலகத்தில் கடைசி எட்டு வருடம் கம்ப்யூட்டரில் பதிவேடு வைத்திருந்தோம். எனக்கு டேட்டாபேஸ் கொஞ்சம் தெரியும். அதற்குள் நிரல் எழுதி, மெயில் வந்து விழுகிற அடுக்குகளைத் திறந்து படிக்கவைக்க முடியும் என்று தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். முடியும் என்று உன்னிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாழ்க்கையில் 'முடியும்' என்று நானாகச் சொன்னது மிகக் குறைவு.

ஐந்து வாரம் ஆயிற்று. காலையில் நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். நிரல், வரவு அடுக்குக்குள் போகும். ஒவ்வொரு கடிதமாய் எடுக்கும். யார் அனுப்பியது, எந்தத் தேதி, தலைப்பு என்ன, உள்ளே என்ன என்று பதிவேட்டில் ஒரு வரியாக ஏற்றும். ஏற்றியதும் அந்தக் கடிதத்தைத் தூக்கி 'பதிவு' என்று நான் பெயர் வைத்த இன்னொரு அடுக்கில் போடும். கடைசியில் அன்றைய பட்டியலை அச்சடித்துத் தரும். தபால் பிரிவில் நானும் பியூனுமாகச் செய்த வேலை அது. பட்டியல் வந்ததும் நீ சிவப்புப் பென்சிலை எடுத்து வரி வரியாய் டிக் போடுவாய். பதில் போட வேண்டியதை நீ சொல்லுவாய், நான் தட்டுவேன். டீ வரும்.

முதல் வாரமே வில்லங்கம். நான் வர அரைமணி தாமதமானபோது நீயே பொத்தானை அழுத்தியிருக்கிறாய். சத்தத்தோடு ஒரு பெட்டி திரையில் வந்து நின்றிருக்கிறது. நான் உள்ளே நுழைகிறேன், நீ ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

"ஏலே, பொட்டி என்னைய வையுதுலே!"

தராசுப் பக்கமிருந்து முனியாண்டி, "மொதலாளி இந்தியில 'அச்சா'ன்னு சொல்லிப் பாருங்க" என்றான்.

"வையல. ஏதோ தப்பு இருக்குன்னு சொல்லுது, அம்புட்டுத்தான்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "என் தப்ப ஊரே சொல்லி முடிச்சிருச்சு. இது வேறயா?" என்று சொல்லிவிட்டு ப்ளக்கை மேசைமேல் வைத்தாய். முனியாண்டி மூட்டை பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோமதி வீட்டை விட்டுப் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் ஒரே பெண். மதுரையில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனை, வேறு சாதிப் பையனை, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நீ ஒருநாள் கடையைச் சாத்தினாய். மறுநாள் திறந்தபோது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அவள் படம் இல்லை. உன் போன் நம்பரையும், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரியின் போன் நம்பரையும் மாற்றினாய். வீட்டில் பேரெடுக்கக் கூடாது என்றாய். யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நான் எதிலும் முதலில் பேசுகிறவன் இல்லை.

அந்தப் பெட்டி உன்னை அப்படித் தைத்ததைப் பார்த்த பிறகு, அன்று மத்தியானம் நிரலின் தலைப்பகுதியில் ஒரு வரி சேர்த்தேன். பிழை வந்தால் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ என்று சொல்கிற வரி. புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருந்தான். படித்துவிட்டுத்தான் எழுதினேன். பக்கத்தில் 'டெம்பரரி' என்று குறிப்பும் எழுதினேன். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் வரவில்லை. "இப்பத்தான்லே பொட்டி மரியாத கத்துக்கிருச்சு" என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு எட்டு வருடம் அதே வரிதான் இருந்தது. அதே குறிப்பும் இருந்தது.

நீ டிக் போட்டு முடித்ததும் தினமும் ஒன்று கேட்பாய். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேற?" என்பாய்.

"வேற இல்ல."

"எதுவும் இல்ல?"

"இல்ல. வந்தது பூராவும் இதுல இருக்கு."

கொள்முதல் கடிதத்தைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். வியாபாரி அப்படித்தானே கேட்பான். ஒருதரம், விளம்பர மெயில் ரொம்ப வருகிறது, கடைக்குப் புதிதாக ஒரு மெயில் முகவரி போட்டுவிடலாமா என்று கேட்டேன். "அத மாத்தாத" என்றாய், வெடுக்கென்று. "பிள்ள போட்டுக் குடுத்தது" என்று வாய்க்குள்ளேயே சொன்னாய். அடுத்த நொடி, "போர்டுலயும் பில்லுலயும் அடிச்சாச்சுல்ல, எவன் மாத்துவான்?" என்று குரலை உயர்த்தினாய். காலேஜ் படிக்கும்போது கடைக்கு மெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்தவள் கோமதிதான். நம்பரெல்லாம் மாறிப்போன பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எனக்கு அன்று இது தோன்றவில்லை. படித்தவன்தான், ஆனால் எழுதி வைத்ததைத்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

இன்னொரு தடவையும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த வடக்கத்தி வியாபாரி நேரிலேயே வந்தார். வந்தவர் மல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்தித் தன் போனில் படம் எடுத்தார். நீ ஒரு கை மல்லியை அள்ளி அவர் பக்கம் நீட்டிக்கொண்டு, என்ன சொன்னாரோ, வாய்விட்டுச் சிரித்தாய். படத்தை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்துக் கேட்டாய்.

"அந்தாளு போட்டோ அனுப்பலையாலே?"

"லிஸ்ட்ல வரலையே."

"வடக்கத்தியான் வாக்கு அம்புட்டுத்தான்" என்றாய். நானும் தலையாட்டினேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போய், மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கடைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தி, பட்டியலை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி உன்னைப் பார்க்க வந்தேன். பதினெட்டு நாள். கடைசி நாளில் பென்சிலைப் பிடிக்க உனக்கு விரல் வளையவில்லை. நான் ஒவ்வொரு வரியாய் வாசித்தேன். கண்ணை மூடியபடி கேட்டாய். முடித்ததும், "வேற?" என்றாய்.

"வேற இல்ல."

"நல்லாப் பாத்தியாலே?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

எதிலும் உறுதியாகப் பேசத் தெரியாதவன் நான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட 'அநேகமாக' என்று சேர்த்துத்தான் சொல்வேன். அன்று மட்டும் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை.

கோமதி வரவில்லை. பாளையம்பட்டி வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நாலைந்து தலை திரும்பியது. மல்லாங்கிணறிலிருந்து வந்திருந்த உன் சின்னம்மா மகள், "அப்பன் சாவுக்கே வராதவ மனுசியா?" என்றாள். நானும் மனதுக்குள் ஆமாம் என்றேன். அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

கடையை உன் தம்பி மகன் வேறு ஆளுக்கு விட்டான். தங்கச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "அண்ணே, இந்தப் பொட்டிய நீங்களே வச்சுக்கங்க. பழைய இரும்புக்காரன்ட்ட போட மனசு வரல" என்றாள். பிறகு, வருடத் திதிக்கு மாட்ட உன் படம் வேண்டும் என்றாள். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் எடுத்த படங்களில் நீ யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறாய். "அந்த இந்திக்காரரு சிரிக்கச் சிரிக்க எடுத்தாராமே. முனியாண்டி போன் பண்ணிக் கேட்டானாம். அப்பவே மெயில்ல போட்டுட்டேன்னு சத்தியம் பண்றாராம். உள்ள இருக்கான்னு பாருங்கண்ணே."

பதிவேட்டில் தேடினேன். இல்லை. அந்த மாதம் முழுவதும் வரி வரியாகப் பார்த்தேன். இல்லை. அப்படியும் அவர் சத்தியம் பண்ணுகிறாரே என்று, எட்டு வருடத்தில் முதல்தடவையாக, 'பதிவு' அடுக்கையே நேராகத் திறந்து கையால் தேடினேன். இருந்தது. நீ மல்லியை நீட்டிக்கொண்டு சிரிக்கிறாய். அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை. தலைப்பும் இல்லை. படம் மட்டும்.

படம் கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இல்லை. பதிவேட்டில் ஏறாத கடிதம் எப்படிப் 'பதிவு' அடுக்குக்குப் போயிற்று?

இது நான் செய்தது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் கடிதம் என்றால் மேலே 'பொருள்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஞாபகத்தில், தலைப்பு காலியாக இருந்தால் ஏற்காதே என்று பதிவேட்டுக்குக் கட்டளை போட்டிருந்தேன். ஆகவே தலைப்பில்லாத கடிதம் வந்தால் பதிவேடு அதை ஏற்க மறுக்கும். மறுத்தால் பிழை. பிழை வந்தால் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ. அடுத்த வரி என்ன? கடிதத்தைத் தூக்கிப் 'பதிவு' அடுக்கில் போடு. சத்தமில்லாமல் போட்டுவிட்டது. பட்டியலில் வராது. வரவு அடுக்கிலும் இருக்காது. முதல் வாரம் உன்னைப் பயமுறுத்திய பெட்டி இதைத்தான் சொல்ல வந்தது.

அலுவலகத்தில் பொருள் வரி இல்லாமல் எத்தனையோ மனுக்கள் வரும். எழுதத் தெரியாதவர்கள் யாரிடமோ சொல்லி எழுதியது. ஒன்றையும் நான் ஒதுக்கியதில்லை. முழுக்கப் படித்து, பென்சிலால் நானே மேலே ஒரு வரி எழுதி, எண் போட்டு ஏற்றுவேன். சாயங்காலம் கிளம்புமுன் வந்த கடிதங்களையும் பதிவேட்டு வரிகளையும் எண்ணிச் சரிபார்க்காமல் எழுந்ததில்லை. என் கையால் செய்ததை என் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இயந்திரம் என்றதும் எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

இப்போது எண்ணினேன். அடுக்கில் இருப்பது பதிவேட்டில் இருப்பதைவிடப் பதினொன்று அதிகம். ஒன்று உன் படம். ஒன்பது எதற்கும் உதவாத விளம்பரம். மிச்சம் ஒன்று, நீ போவதற்கு மூன்று வருடம் முன்பு, மார்கழியில் வந்தது. அனுப்பிய முகவரியில் கோமதியின் பெயர் இருந்தது.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழாய் எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பட்டியலை வாசிக்கக் கேட்டாயே, அந்த மாதிரி இதையும் வாசிக்கிறேன்.

"அப்பா, கோமதி. எனக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு வயசு ஆகுது. நல்லாப் பேசுறா. போன மாசம் தூத்துக்குடி பஸ்ஸுல வந்தோம். கடை வழியாத்தான் பஸ்ஸு வந்துச்சு. நீங்க நாற்காலியில உக்காந்து ஏதோ பேப்பர் பாத்துக்கிட்டிருந்தீங்க. தலை பூரா நரைச்சுப் போச்சு. அவகிட்ட தாத்தான்னு காமிச்சேன். அவ பாக்குறதுக்குள்ள பஸ்ஸு தாண்டிருச்சு. எறங்கத் தைரியம் இல்ல. வர்ற பொங்கலுக்கு அவளக் கூட்டிட்டு வரட்டுமா? நான் மட்டும் வரேன், அவர் வரல. சரின்னா ஒரு வார்த்தை போடுங்க. வேணாம்னா பதில் போட வேணாம். பதில் வரலேன்னா வேணாம்னு எடுத்துக்கிறேன். அதுக்கப்பறம் தொந்தரவு பண்ண மாட்டேன். இந்த ஊர விட்டும் போகப்போறோம். அம்மாவ மாத்திரைய ஒழுங்காப் போடச் சொல்லுங்க."

அவள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது நீ படித்துக்கொண்டிருந்த தாள் என் பட்டியல்தான். வேறெந்தத் தாளையும் நீ அப்படி உட்கார்ந்து படித்ததில்லை.

தலைப்பில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது. எதையாவது எழுதி அழித்திருப்பாள் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு சொல் போட்டிருந்தால் போதும். அவள் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் என் நிரல் ஏற்றுக்கொண்டிருக்கும். மறுநாள் காலை உன் சிவப்புப் பென்சில் அந்த வரியில் வந்து நின்றிருக்கும். டிக் போட்டிருப்பாயா, கிழித்துப் போட்டிருப்பாயா, அது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் படத்தைப் பெரிதாக்கி, கடிதத்தையும் அச்சடித்து, டவுன் பஸ்ஸில் பாளையம்பட்டி போனேன். தங்கச்சி படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்பிடிச் சிரிச்சு நான் பாத்தே வருசமாச்சு" என்றாள். பிறகு நிமிர்ந்து, "வேற எதுவும் இருந்துச்சாண்ணே உள்ள?" என்றாள்.

எட்டு வருடமும் நான் இல்லை என்று சொன்ன அதே கேள்வி. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அடுத்த வரி, அடுக்கு, பெட்டி எல்லாம் சொன்னேன். அவளுக்கு அது எதுவும் புரியவில்லை. என் தப்பு என்பது மட்டும் புரிந்தது. வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருக்கலாம்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே" என்றாள். "அவ கல்லுன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். இப்ப அவ கல்லு இல்லேன்னு ஆகிப்போச்சு. இனிமே நான் என்னத்த நெனச்சுக்கிட்டு இருக்க?"

நான் செருப்பைத் தேடினேன். அவள் கூப்பிட்டாள்.

"அவளுக்கு எழுதுங்க. அப்பாவுக்கு உன் கடுதாசி கெடைக்கலன்னு எழுதுங்க. கெடச்சிருந்தா..." என்று நிறுத்தினாள். உன் படத்தைப் பார்த்தாள். "கெடச்சிருந்தா என்ன செஞ்சிருப்பாகன்னு எனக்கும் தெரியலண்ணே. அத எழுத வேணாம். கெடைக்கலன்னு மட்டும் எழுதுங்க. அப்பா இல்லேன்னும் எழுதுங்க. அம்மா நம்பரு போடுங்க."

அன்று மத்தியானமே எழுதினேன். தலைப்பில் 'அப்பாவுக்குக் கிடைக்காத உன் கடிதம்' என்று போட்டேன். நாலு வரி. பதினைந்து முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். கடை போன பிறகு அந்த முகவரிக்கு எதுவும் வருவதில்லை. அன்று ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது. நிரல் அதை ஒழுங்காக எடுத்து, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, அச்சடித்தும் தந்தது. நீங்கள் எழுதிய முகவரி இப்போது இல்லை, கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை என்று மெயில் நிலையத்திலிருந்து வந்த அறிவிப்பு. அதற்குத் தலைப்பு இருந்தது. ஆகவே பட்டியலில் வந்தது.

மற்ற வழிகளையும் பார்த்தேன். அவள் வேலை பார்த்த இடத்தில் போய்க் கேட்டேன். போய் வருஷங்கள் ஆயிற்று, எங்கே என்று தெரியாது என்றார்கள். இருந்த வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. போனில் பெயரைப் போட்டுத் தேடினால் எத்தனையோ கோமதிகள் வருகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். ஒன்பது பத்து வருடத்துக்கு முன் பார்த்த முகம். எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியும் என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. எங்கேயோ அவள் இருக்கிறாள், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு. நீ அப்படிச் சொல்லவில்லை. உன் பெயரில் சொன்னது நான்.

திதிக்கு உன் படத்தை மாட்டினார்கள். அப்படிச் சிரிக்கிற படத்தைத் திதிக்கு மாட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். பஸ் நிற்கிற சத்தத்துக்கு இந்தமுறை ஒரே ஒரு தலைதான் திரும்பியது.

நிரலில் அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது பிழை வந்தால் பெட்டி வந்து நிற்கும். தலைப்பு காலியாக இருந்தாலும் பதிவேடு ஏற்கும். கோமதியின் கடிதத்தை அது வந்த மார்கழித் தேதியிட்டு, கையாலேயே பதிவேட்டில் ஏற்றினேன். தலைப்புக் கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. தபால் பிரிவில் செய்தது போல முழுக்கப் படித்து ஒரு வரி எழுதினேன்: 'பொங்கலுக்குத் தந்தை வீட்டுக்கு வர அனுமதி கேட்டல் – தொடர்பாக.' அடுத்த கட்டம் 'எடுத்த நடவடிக்கை'. அங்கே எழுத ஒன்றும் இல்லை.

ஒன்று பாக்கி. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்த அறிவிப்பு வந்ததைத் தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை. மறுநாளே சொல்லத்தான் அச்சடித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு வாங்கினேன் என்று ஒரு பாவாடைத் துணியைக் காட்டினாள். "இப்ப அதுக்கு என்ன வயசு இருக்கும்ணே? ஆறு இருக்குமா?" என்றாள். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பிழை வந்தது. நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நிரலிலிருந்து எடுத்த வரி என்னிடமே இருக்கிறது.

இன்றோடு ஏழு தடவை அந்தத் தாளைப் பாளையம்பட்டிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. சட்டையை மாற்றும்போது தாளையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். உன்னுடைய பொருளென்று மல்லித் தூசி ஒட்டிய இந்தப் பெட்டி வீட்டில் இருக்கிறது. நான் சுமக்கிறது இந்தத் தாளைத்தான்.

தினமும் பத்தரைக்குத் தங்கச்சி போன் பண்ணுகிறாள். அதற்குள் நான் பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து கையால் பார்த்துவிடுகிறேன். வரவு, பதிவு, குப்பை, எல்லாவற்றையும். அவள் நலம் விசாரிப்பதில்லை. எடுத்ததும் அந்த ஒரு கேள்விதான். "வேற எதுவும் வந்துச்சாண்ணே?" இல்லை தங்கச்சி என்கிறேன். அது பொய் இல்லை. உன்னிடம் நான் சொன்னதும் பொய் என்று தெரிந்து சொன்னதில்லை.

இன்றும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. மணி பத்தரை ஆகிறது. போன் அடிக்கிறது.